இருபது கிலோ அரிசி: கடலோர ரேஷன் கடை ஒன்றின் மதிப்பீடு

நான் மாதந்தோறும் பொருள் வாங்கும் நியாய விலைக் கடை, மண்டபம் வட்டாரத்தில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில், கூட்டுறவுச் சங்கத்தின் பழைய கட்டடத்தில் இயங்குகிறது. ஊரின் பெயரையும் கடை எண்ணையும் இங்கே குறிப்பிடவில்லை; கீழே சொல்லப்போகும் குறைகளில் பெரும்பாலானவை அந்த விற்பனையாளரின் கைக்கு மீறியவை. முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். அரிசி நன்று, சீனியும் நன்று. பருப்பையும் பாமாயிலையும் நம்ப முடியாது. கைரேகைக் கருவி இந்தக் கரைக்கு ஒத்துவரவில்லை. இவ்வளவையும் கழித்துப் பார்த்தாலும், இராமநாதபுரம் கடலோர மக்களுக்கு அரசு செய்துவரும் பணிகளில் இதைவிடப் பயனுள்ளது வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆகவே இதைச் சுருக்க வேண்டும் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. விரிக்க வேண்டும் என்பதே என் கருத்து.

அரிசி அட்டைக்கு, குடும்பத்தின் அளவைப் பொறுத்து, பொதுவாக 20 கிலோ வரை அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. மிக வறிய குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டை என்றால் 35 கிலோ. 2008-இல் கிலோ ஒரு ரூபாயாகக் குறைக்கப்பட்ட விலை, 2011 ஜூன் மாதத்திலிருந்து அறவே நீக்கப்பட்டது. சீனி கிலோ 25 ரூபாய். 2007-இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தின்கீழ் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் தரப்படுகின்றன. வெளிக்கடையில் சுமாரான புழுங்கல் அரிசியே கிலோ ஐம்பது ரூபாயை ஒட்டி விற்கும்போது, அரிசி ஒன்றே ஒரு வீட்டுக்கு மாதம் ஏறத்தாழ ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்துகிறது.

அந்த ஆயிரம் ரூபாயின் அருமை மாதச் சம்பளக்காரரைவிடப் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் இருப்பவருக்கு நன்றாகத் தெரியும். இராமேசுவரம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாட்கள்தான் கடலுக்குப் போகின்றன. அந்த நாளிலும் பலத்த காற்று வீசும் என்று எச்சரிக்கை வந்துவிட்டால் மீன்வளத் துறை டோக்கன் கொடுக்காது, படகு கரையிலேயே கிடக்கும். போன படகு மீன்பாடு இல்லாமல் திரும்பினால் டீசல் கடன்தான் கண்ட பலன். எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை பிடித்துப் போய்விட்டால், அந்த வீட்டில் அடுத்த வருமானம் எப்போது வரும் என்பதை யாரும் சொல்ல முடியாது. இவற்றுக்கெல்லாம் மேலாக, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரை முழுவதற்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதலமைச்சர் ஸ்டாலின் தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தி அறிவித்தார். நல்ல அறிவிப்புதான்; ஆனால் 8,000-ஐ 61-ஆல் வகுத்தால் ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 131 ரூபாய் வருகிறது. அந்தப் பணத்தில் அரிசியும் வாங்க வேண்டியிருந்தால் வட்டிக்காரரின் வாசலை மிதிக்காமல் இரண்டு மாதத்தைத் தாண்ட முடியாது. அரிசி வீட்டில் இருப்பதனால்தான் அது மருந்துக்கும் பள்ளி திறக்கும் செலவுக்கும் வலை பழுதுபார்ப்பதற்கும் ஓரளவு எட்டுகிறது. மீனவருக்கு மட்டும் உரிய நிலையும் அல்ல இது. வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை செய்பவருக்கு மழைக்காலம் வேலையற்ற காலம். சாயல்குடிப் பக்கத்துப் பனையேறிக்குப் பதநீர் இறங்கும் மாதங்கள் போக மற்றவை வறண்ட மாதங்கள்.

இனி அரிசியின் தரம். மூட்டைக்கு மூட்டை மாறும் என்பதே நேர்மையான விடை. சில மூட்டைகளில் பழைய நெடி இருக்கும். சிலவற்றில் குருணை மிகுதி. வேறு மூட்டையிலிருந்து போடச் சொன்னால் எங்கள் கடையில் முகம் சுளிக்காமல் போடுகிறார்கள், ஆனால் கேட்டால்தான். முன்கூட்டியே ஊறவைத்து, தண்ணீரைத் தாராளமாக வைத்து வடித்தால் சோறு குழையாமல் வரும். இரவில் நீரூற்றி வைத்து மறுநாள் கருவாட்டுக் குழம்போடு சாப்பிடுவதற்கு, விலை உயர்ந்த மெல்லிய அரிசியைவிட இந்தத் தடித்த அரிசியே பொருத்தமானது என்பது எங்கள் வீட்டார் அனைவரின் கருத்து.

‘ரேஷனில் பிளாஸ்டிக் அரிசி கலக்கிறார்கள்’ என்ற பேச்சு மட்டும் இன்னும் ஓயவில்லை. சுளகில் புடைக்கும்போது மற்றவற்றைவிட வெளுத்துத் தெரிகிற, களையும்போது சில சமயம் மேலே மிதக்கிற அந்த மணிகள் செறிவூட்டப்பட்ட அரிசி மணிகள். அரிசி மாவோடு இரும்புச்சத்தும் போலிக் அமிலமும் வைட்டமின் பி12-ம் சேர்த்து, மறுபடி அரிசி வடிவில் வார்த்து, நூறு கிலோவுக்கு ஒரு கிலோ என்ற அளவில் கலந்தவை. இந்த விவரம் பலரிடம் போய்ச் சேரவில்லை. எங்கள் தெருவில் பல பெண்கள் அவற்றைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி எடுத்து முற்றத்தில் வீசுகிறார்கள். இரத்தசோகையைப் போக்க அரசு செலவழித்துச் சேர்த்த சத்து முழுவதும் கோழிகளுக்குப் போய்ச் சேர்கிறது. கடைச் சுவரில் ஒரு தாள் ஒட்டி, விற்பனையாளர் இரண்டு வாக்கியம் சொன்னால் முடிந்துபோகும் காரியம்.

பருப்பும் எண்ணெயும்தான் இந்தக் கடையின் பெரிய குறை. மாதத் தொடக்கத்தில் போனால் ‘லோடு இன்னும் வரவில்லை’. மாதக் கடைசியில் போனால் ‘வந்தது, முடிந்துவிட்டது’. இடையில் எந்த நாளில் வந்தது என்பது கடைக்கு அருகில் குடியிருப்பவர்களுக்கே தெரியும். தொலைவிலிருந்து வரும் பெண் அரைநாள் கூலியை விட்டுவிட்டு இரண்டாம் முறை வர வேண்டியிருக்கிறது. அந்தக் கூலி பருப்பில் கிடைத்த மிச்சத்தைவிடப் பெரியது. வயிறு நிறைவது வேறு, உடம்புக்கு வேண்டியது கிடைப்பது வேறு. பாடு இருக்கும் மாதங்களில் இந்தக் கரையில் புரதத்துக்குப் பஞ்சமில்லை. தடைக்காலத்தில் மீன் விலை ஏறி, பிடிப்பவர் வீட்டுச் சட்டியிலேயே மீன் காணாமல் போகும்போதுதான் பருப்பு அவசியமாகிறது. ஆகவே கடலோர வட்டங்களுக்கு ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் பருப்பை இரு மடங்காக்கி, முதல் வாரத்திலேயே வழங்க வேண்டும் என்பது என் முதல் கோரிக்கை. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உப்பு, தேயிலைத்தூள் போன்றவற்றை வாங்கினால்தான் சீனி என்று சில மாதங்களில் மறைமுகமாக வற்புறுத்துகிறார்கள். அவற்றை வாங்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

கைரேகைக் கருவி 2020 அக்டோபரிலிருந்து இருக்கிறது. அதனால் விளைந்த நன்மையை மறைக்கக் கூடாது: மாநிலத்துக்குள் எந்தக் கடையிலும் பொருள் வாங்கலாம் என்ற வசதி அப்போதுதான் வந்தது, வேலை தேடி வேறு மாவட்டம் போகிறவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் இங்கே வரிசையில் நிற்கும் கைகளைக் கொஞ்சம் பாருங்கள். பாறைகளுக்கிடையே மூழ்கிக் கடற்பாசி எடுக்கும் பெண்கள் விரல்களில் துணியையும் ரப்பரையும் சுற்றிக்கொண்டுதான் இறங்குகிறார்கள். அப்படியும் விரல் நுனி தேய்ந்து வழவழத்துப் போகிறது. சென்ற மாதம் எனக்கு முன்னால் நின்ற மூதாட்டி ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தார், கருவி ஒவ்வொன்றையும் மறுத்தது.

“ஆத்தா, சேலையில நல்லாத் துடைச்சிட்டு இன்னொரு தடவை வைங்க.”

“பாசி எடுத்த கை தம்பி. ரேகையெல்லாம் பாறையிலயே தேஞ்சு போச்சு.”

விற்பனையாளர் நல்லவர், கருவிழிக் கருவியை எடுத்து வைத்தார், அதுவும் முரண்டு பிடித்தபோது பதிவேட்டில் ஒப்பம் வாங்கிக்கொண்டு அரிசியைப் போட்டார். ரேகை பதியவில்லை என்பதற்காகப் பொருளை மறுக்கக் கூடாது என்பதே அரசின் நிலைப்பாடு. அது எல்லாக் கடைகளிலும் இப்படி நடக்கிறது என்று சொல்லத் துணிய மாட்டேன். பக்கத்து ஊர்க் கடை ஒன்றில் என் உறவினர் ஒருவரை வெறும் பையோடு திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். 2025-இல் எடைத் தராசையும் கருவியோடு இணைத்தார்கள். எடை சரியாக விழுந்தால்தான் ரசீது வரும். வரிசை மெதுவாக நகர்கிறது, ஊழியர்களும் அலுத்துக்கொள்கிறார்கள், ஆயினும் ‘சாக்கு எடை’ என்ற பெயரில் ஒரு கை அரிசி குறைவது நின்றுவிட்டதால் இதை நான் குறையாக எண்ணவில்லை.

வசதியானவருக்கும் ஏன் இந்த அரிசி என்று கேட்கிறவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. 1997-இல் மத்திய அரசு வறுமைக் கோட்டை வைத்து அட்டைகளைப் பிரித்தபோது தமிழ்நாடு அதை ஏற்காமல் அனைவருக்குமான விநியோகத்தையே தொடர்ந்தது. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் நாட்டளவில் ஊரகத்தில் 75 விழுக்காட்டினரையும் நகரத்தில் 50 விழுக்காட்டினரையும் வரம்பாக வைத்தது. 2016 நவம்பரில் அச்சட்டத்தைச் செயல்படுத்தியபோதும், வரம்புக்கு வெளியே நின்றவர்களுக்கான செலவை மாநிலம் தானே ஏற்றுக்கொண்டது. அந்த முடிவு சரியானது என்பதற்கு இந்தக் கடற்கரையைவிட நல்ல சான்று தேவையில்லை. இங்கே ஒரு வீட்டைப் பார்த்து வறுமையை அளக்க முடியாது. காங்கிரீட் கூரை தொகுப்பு வீட்டுத் திட்டத்தில் கிடைத்ததாக இருக்கும். பெயரில் படகு இருக்கும், அதன்மேல் படகின் விலையைவிடப் பெரிய கடன் இருக்கும். மார்கழியில் கையில் பணம் புரண்டவர் வைகாசியில் நகையை அடகு வைத்துக்கொண்டிருப்பார். எந்த மாதத்தில் வந்து கணக்கெடுத்தாலும் பாதி விடை தவறாகவே இருக்கும், விடுபடுகிறவர் பெரும்பாலும் வாய் பேசத் தெரியாதவராகவே இருப்பார்.

இன்னொரு நன்மை வரிசையில் நிற்கும்போதுதான் புலப்படும். ஓய்வுபெற்ற ஆசிரியரும் மீன் கூடைக்கார அம்மாவும் ஒரே மூட்டையிலிருந்து வாங்குவதனால், அரிசியில் நெடி அடித்தால் வட்ட வழங்கல் அலுவலகத்துக்கு மனு எழுதத் தெரிந்த ஒருவருக்கும் அதே நெடி அடிக்கிறது. ஏழைக்கு மட்டும் என்று பிரித்துவிட்ட கடையில் அந்த மனுவை எழுத ஆள் இருக்க மாட்டார். வேண்டாதவர்கள் சீனி அட்டையோ பொருளில்லா அட்டையோ வைத்துக்கொள்ள இப்போதே வழி இருக்கிறது. மாவு மில்லுக்கும் எல்லை தாண்டிக் கேரளத்துக்கும் அரிசி கடத்தப்படுவது உண்மை. அதற்கு மருந்து கடத்துகிறவரைப் பிடிப்பது, உண்கிறவரின் பங்கைக் குறைப்பது அல்ல.

கடைக்கு வெளியே உள்ள இரண்டு திட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் மதிப்பீடு முழுமையாகும். பள்ளிக் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு மாநிலத்தின் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. விடியுமுன் ஏலக்கூடத்துக்கோ பாசிக்கோ போய்விடும் தாயின் பிள்ளை இப்போது வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்காருவதில்லை. ஆறாம் வகுப்புக்கு வந்தால் காலைப் பசி தீர்ந்துவிடுவதில்லை என்பதால் இதை எட்டாம் வகுப்பு வரையாவது நீட்ட வேண்டும். 2025 ஆகஸ்ட் 12 அன்று தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில், முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருட்களை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். எங்கள் ஊரில் வண்டி தார்ச்சாலை முடியும் இடத்தில் நின்றுவிடுகிறது. மணலுக்குள் இருக்கும் வீடுகளுக்குப் பேரப்பிள்ளைகள்தான் பையைத் தூக்கிப் போகிறார்கள். அப்படியிருந்தும், அரைக் கிலோமீட்டர் தூரத்தைக் கைத்தடியோடு கடந்த முதியவர்களுக்கு இது பெரிய விடுதலை.

புதிதாக இந்தக் கரைக்குக் குடிவருகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மாதத்தின் முதல் இரண்டு வெள்ளிக்கிழமைகளில் கடை விடுமுறை, அதற்கு ஈடாக முதல் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்திருக்கும். ஞாயிறன்று கடலுக்குப் போகாத கிறித்தவ மீனவ ஊர்களுக்கு இது வசதி, வெள்ளியன்று கடலுக்குப் போகாத வேதாளை, பெரியபட்டினம் பக்கத்து முஸ்லிம் ஊர்களுக்கு வசதிக் குறைவு. கூட்டம் குறைவாக வேண்டுமானால் விசைப்படகுகள் கரை திரும்பும் காலை வேளையில் போங்கள். பெண்கள் அப்போது துறைமுகத்தில் இருப்பார்கள். வீட்டில் யாருக்கும் ரேகை பதியவில்லை என்றால், வேறொருவரைப் பொருள் வாங்க நியமிக்கும் படிவத்தைக் கடையிலேயே கேட்டு வாங்கி நிரப்பிக் கொடுங்கள். பொருள் வாங்காமலே வாங்கியதாகக் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தால், அதை அழிக்காமல் வைத்துக்கொண்டு, அன்றே 1967 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.