பித்தநாளக் கல் அறுவைக்கு முப்பரிமாண மாதிரி: கோவையில் கிடைக்கும் சேவை எப்படி?

பித்தநீரைக் கல்லீரலிலிருந்து குடலுக்குக் கொண்டுசெல்லும் பொதுப் பித்தநாளத்தில் ஒன்றிரண்டு கற்கள் மட்டும் இருக்கும் நோயாளிக்கு, ஸ்கேனைக் கொண்டு த்ரீ-டி பிரிண்டில் எடுக்கும் இந்தக் கல்லீரல் மாதிரி தேவையே இல்லை; தெளிவான எம்.ஆர்.சி.பி. (பித்தநாளங்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்) படமும், ஈ.ஆர்.சி.பி. (வாய்வழியே எண்டோஸ்கோப்பைச் செலுத்திக் கல்லை எடுக்கும் சிகிச்சை) செய்வதில் கைதேர்ந்த மருத்துவரும் இருந்தால் போதும். ஆனால் கற்கள் கல்லீரலுக்குள் ஓடும் கிளை நாளங்களில் அடைத்திருந்தாலோ, நாளங்கள் வழக்கத்துக்கு மாறாகப் பிரிந்திருந்தாலோ, அறுவைக்கு முன் மாதிரியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பதற்கு எந்தக் கணினித் திரையும் ஈடாகாது என்பது, குடல் அறுவை மருத்துவராக இச்சேவையைப் பயன்படுத்திவரும் எனது முடிவு.

பம்ப், வார்ப்படம், அதற்கான பேட்டர்ன் என்று வளர்ந்த கோவையில் த்ரீ-டி பிரிண்ட் எடுத்துத் தரும் பட்டறைகளுக்குக் குறைவில்லை. நான் மாதிரி வாங்கும் நிறுவனமும் அந்த வழியில் வந்ததுதான். சி.டி., எம்.ஆர்.சி.பி. கோப்புகளைக் கொடுத்தால், கல்லீரலை ஒளி ஊடுருவும் ரெசினிலும், பித்தநாளத்தைப் பச்சையிலும், குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையை நீலத்திலும், கற்களைப் பழுப்பிலும் உண்மை அளவிலேயே அச்சிட்டுத் தருகிறார்கள். வேலைப்பாடு சுத்தமாக இருக்கிறது. விளிம்புகளில் பிசிறு இல்லை.

இதன் பயனை நான் முழுமையாக உணர்ந்தது கோபிசெட்டிபாளையம் பக்கத்து விவசாயி ஒருவருக்குச் செய்த அறுவையில். அவருக்குக் கல்லீரலின் வலப்பக்கப் பின்பகுதியிலிருந்து வரும் கிளை நாளம், வலது நாளத்தில் சேராமல் இடது நாளத்தில் போய்ச் சேர்ந்திருந்தது. இது அரிய அமைப்பு அல்ல என்றாலும், கவனிக்காமல் இடது நாளத்தை வெட்டினால் வலப்பக்கப் பின்பகுதியின் பித்த வடிகாலும் சேர்ந்து அறுபடும். எம்.ஆர்.சி.பி.யின் தொகுப்புப் படத்தில் கிளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதால் எது முன்னே, எது பின்னே என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மாதிரியைத் திருப்பிப் பார்த்தபோது, அந்தக் கிளை போர்ட்டல் சிரையின் பின்புறமாக வந்து, சேருமிடத்துக்குச் சற்று முன்னால் கூர்மையாக வளைவதும், கற்கள் அந்த வளைவுக்கு அப்பால் இருப்பதும் தெளிவாகத் தெரிந்தன. நாளத்தை உள்ளீடற்ற குழாயாக அச்சிடச் சொல்லியிருந்ததால், முந்தைய நாளே அதற்குள் 5 மி.மீ. பித்தநாள எண்டோஸ்கோப்பைச் செலுத்திப் பார்த்தோம்; வளைவில் நின்றுவிட்டது. 3 மி.மீ. ஸ்கோப்பையும், கல்லை உடைக்க லேசரையும் தயாராக வைத்தது அதனால்தான்.

நோயாளியின் மனைவியிடமும் அதே மாதிரியைக் காட்டினேன். விரலால் அந்தப் பழுப்புப் புள்ளிகளைத் தொட்டுப் பார்த்து, “ஏனுங்க டாக்டர், இத்தனையும் ஒரே தடவைல எடுத்துருவீங்களா?” என்று கேட்டார். “முழுசா வந்துரும்னு சொல்ல முடியாதுங்கம்மா, மீந்தா, உள்ளே வைக்கிற டியூப் வழியா அப்புறம் எடுப்போம்” என்றேன். மறுப்புச் சொல்லாமல் தலையசைத்தார். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவது வேறு, என்ன நடக்கப்போகிறது என்று அவர்களுக்குப் புரிவது வேறு. இரண்டாவதற்கு இந்த மாதிரி பெரிதும் உதவுகிறது.

குறைகளும் உண்டு. அதே நிறுவனம் வேறொரு நோயாளிக்கு அனுப்பிய மாதிரியில், இடது நாளத்தின் முன்பகுதியில் வரிசையாகக் கற்கள் இருந்தன. அவருக்கு ஏற்கெனவே ஈ.ஆர்.சி.பி. செய்து ஸ்டென்ட் (நாளம் அடையாமலிருக்க வைக்கும் சிறு குழாய்) வைத்திருந்ததால், நாளத்துக்குள் புகுந்த காற்றுக் குமிழ்களையே அவர்கள் கற்களாக அச்சிட்டுவிட்டார்கள். எம்.ஆர். படத்தில் காற்றும் கல்லும் ஒன்றுபோலக் கறுப்பாகவே தெரியும். மல்லாந்து படுத்திருப்பவருக்குக் காற்று முன்புறம் மிதக்கும், கல் பின்புறம் தங்கும் என்பதைக் கொண்டுதான் எங்கள் ரேடியாலஜிஸ்ட் கண்டுபிடித்தார். அச்சிடப்பட்ட பொருளுக்கு ஓர் உறுதித் தோற்றம் வந்துவிடுவதால், இத்தகைய பிழை திரையில் இருப்பதைவிடக் கையில் இருக்கும்போது அதிக ஆபத்தானது.

இரத்தக் குழாய்களைச் சி.டி.யிலிருந்தும் நாளங்களை எம்.ஆர்.சி.பி.யிலிருந்தும் எடுத்து இணைக்கும்போது இன்னொரு சிக்கல் வருகிறது. இரண்டு ஸ்கேன்களிலும் நோயாளி மூச்சை ஒரே அளவில் நிறுத்தியிருக்க மாட்டார். கல்லீரல் சற்றே இடம் மாறியிருக்கும். இணைத்ததை யார் சரிபார்த்தார்கள் என்று கேட்டால் நிறுவனத்திடம் தெளிவான பதில் இல்லை. மிக மெல்லிய கிளைகள் உடையாமலிருக்க அவற்றைத் தடித்தே அச்சிடுகிறார்கள். இதை டெலிவரி சீட்டில் எழுதுவதில்லை. எனவே சிறு நாளங்களின் அளவை மாதிரியிலிருந்து எடுக்கக் கூடாது. ஸ்கேனில்தான் அளக்க வேண்டும்.

மாதிரி கைக்கு வரச் சில நாட்களாகிவிடும். காய்ச்சல், குளிர் நடுக்கம், மஞ்சள் காமாலையோடு வருபவருக்கு முதலில் நாளத்தில் தேங்கிய சீழ் வடிய வழி செய்ய வேண்டும். அங்கே மாதிரிக்குக் காத்திருக்கவே கூடாது. ஆட்டோகிளேவின் 121 டிகிரி வெப்பத்தை எங்களுக்கு வரும் மாதிரி தாங்காது என்பதால், கிருமி நீக்கிய தெளிவான உறையிலிட்டு அறுவை மேசையருகே வைத்துக்கொள்கிறோம்.

சிக்கலான கல்லீரல் உட்கற்களுக்கு இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஆனால் அச்சுக்குப் போகுமுன் கணினி வடிவத்தை உங்கள் மருத்துவமனை ரேடியாலஜிஸ்ட் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பதையும், நாளங்கள் உள்ளீடற்றதாக இருக்க வேண்டும் என்பதையும் ஆர்டரிலேயே எழுதிக் கொடுங்கள். கேட்காவிட்டால் இரண்டையும் அவர்களாகச் செய்வதில்லை.