"படுத்துவிட்டாலும் பணம் வரும்" என்று சொல்லி விற்கும் பாலிசி: வேலூர்க்காரர்கள் கவனத்துக்கு

போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு அக்கா ஒரு பாலிசிப் புத்தகத்தோடு வந்தார். "தம்பி, படுத்த படுக்கையாகிவிட்டால் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளக் கம்பெனியே பணம் தருமாம். உங்கள் அப்பாவுக்கும் இவர்தானே போட்டுக் கொடுத்தார்?" என்றார். அதே ஏஜென்ட், அதே பேச்சு. வயிறு எரிந்தது. சத்துவாச்சாரியில் இன்னும் எத்தனை வீட்டுத் திண்ணையில் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாரோ என்றுதான் எழுதுகிறேன்.

அப்பா வேலூரில் அரிசி மண்டியில் நாற்பது வருடம் கணக்கு எழுதியவர். பென்ஷன் கிடையாது. கே.வி.குப்பம் பக்கத்தில் தாத்தா வழியில் வந்த முப்பது சென்ட் மல்லாட்டை நிலம் ஒன்றுதான் சொத்து. தன் வைத்தியத்துக்காக அதை விற்கும் நிலை வரக் கூடாது என்பது அவருடைய ஒரே கவலை. 2021-இல் இந்த ஏஜென்ட் அந்தக் கவலையைத்தான் பிடித்துக்கொண்டார். "அமெரிக்காவில் வயதானவர்கள் இப்படித்தான் சார் சொத்தைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள். நர்ஸ் வைத்தால் நர்ஸ் சம்பளமும் வரும்" என்றார். விளம்பரத் தாளின் பின்பக்கத்தில் 'வீட்டுச் சிகிச்சை உண்டு' என்று பேனாவால் எழுதி, இரண்டு முறை அடிக்கோடும் போட்டார்.

அமெரிக்காவைப் பற்றிச் சொன்னது பொய்யல்ல. அங்கே நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு என்று தனியாகவே இருக்கிறது. குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிவறைக்குப் போவது, எழுந்து நகர்வது, சிறுநீர் மலத்தை அடக்குவது ஆகிய ஆறில் இரண்டைத் தானாகச் செய்ய முடியாமல் போனால், குறிப்பிட்ட காத்திருப்புக் காலத்துக்குப் பின் பணம் தருவார்கள். ஆனால் அப்பாவின் கையில் கொடுத்தது ஐந்து லட்ச ரூபாய்க்கான சாதாரண மருத்துவமனைப் பாலிசி. வருடத்துக்கு 36,000 ரூபாய் பிரீமியம். அம்மா புத்தகத்தின் மேல் குங்குமம் வைத்துப் பீரோவில் பூட்டினார். ஒருவரும் பிரித்துப் படிக்கவில்லை.

2023 ஆடியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. பன்னிரண்டு நாள் மருத்துவமனைச் செலவைக் கம்பெனி கட்டியது. அதில் குறை சொல்ல மாட்டேன். மூக்கில் குழாயோடு வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான செலவு தொடங்கியது. பகலுக்கு ஓர் ஆள், இரவுக்கு ஓர் ஆள், டயப்பர், படுக்கைப்புண் வராமலிருக்கக் காற்று மெத்தை என்று மாதம் நாற்பதாயிரத்தைத் தாண்டியது. மூன்று மாத ரசீதுகளை அனுப்பினோம். ஒரே பக்கத்தில் மறுப்புக் கடிதம் வந்தது.

அன்றைக்குத்தான் புத்தகத்தைத் திறந்தேன். காய்ந்த குங்குமம் விரலில் ஒட்டியது. விலக்குகள் பகுதியில், 05 என்ற குறியீட்டின் கீழ் தெளிவாகவே அச்சிட்டிருந்தார்கள்: குளிப்பாட்ட, உடை மாற்ற, நடமாட உதவும் பராமரிப்புக்கு, வீட்டிலானாலும் பராமரிப்பு இல்லத்திலானாலும், பணம் கிடையாது. இது அந்தக் கம்பெனி மட்டும் வைத்த விதி அல்ல, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொதுவான வாசகம். 'வீட்டுச் சிகிச்சை' என்பதும் வேறு. மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நோயாளியை நகர்த்த முடியாமலோ அங்கே இடம் கிடைக்காமலோ வீட்டில் வைத்து வைத்தியம் பார்த்தால் அதற்குத் தருவது. ஏஜென்டிடம் கேட்டேன். "நான் சிகிச்சை என்றுதானே சொன்னேன் தம்பி, பராமரிப்பு என்றா சொன்னேன்?" என்றார்.

அடுத்த தை மாதம் நிலத்தை விற்றோம். அப்பாவிடம் சொல்லவில்லை. இன்றும் இடது கையை ஜன்னல் பக்கம் நீட்டி, மழை பெய்ததா என்று சைகையில் கேட்கிறார். பெய்தது, காய் நன்றாகப் பிடித்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நாங்கள் தவறவிட்டவை இரண்டு. பாலிசி கைக்கு வந்தபின் படித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கச் சட்டப்படி அவகாசம் உண்டு. அப்போது 15 நாள், 2024 முதல் 30 நாள். இரண்டாவது, கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்தும் தீரவில்லை என்றால் சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது குறைதீர்ப்பாளரிடம், கட்டணமில்லாமல் முறையிடலாம், ஆனால் ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். எங்களுக்குத் தெரிந்தபோது அந்தக் கெடு முடிந்திருந்தது. ஏஜென்ட் சொல்வதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள், தயங்கினால் அனுப்பிவிடுங்கள். ஐம்பது வயதுக்குள் இருப்பவர்கள், குறிப்பிட்ட பெரிய நோய் வந்தால் பணம் தரும் தீவிர நோய்ப் பாலிசியைப் பற்றியும் விசாரியுங்கள். அதில் வரும் மொத்தத் தொகையை ஆள் சம்பளத்துக்கும் செலவழிக்கலாம். ஆனால் பக்கவாதம் என்றால், பாதிப்பு மூன்று மாதத்துக்குப் பிறகும் நீடிப்பதற்கு மருத்துவச் சான்று கேட்பார்கள். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். எங்களுக்கு எட்டு மாதம் கழித்துத்தான் ஒருவர் சொன்னார்.

அக்காவின் புத்தகம் வந்து பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. அங்கேயே உட்கார்ந்து அந்தப் பக்கத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். திங்கட்கிழமை காலையில் ரத்துக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டோம்.