பென்சில் குறிப்போடு வந்த 'தி கிவர்'

பழைய புத்தகம் விற்கும் ஓர் இணையக் கடையில் 140 ரூபாய்க்கு லோயிஸ் லௌரியின் 'தி கிவர்' நாவலை வாங்கினேன். 'நல்ல நிலையில்' என்று போட்டிருந்தார்கள். பிரித்துப் பார்த்தால், முன்பு வைத்திருந்த மாணவரோ மாணவியோ பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் ஹைலைட்டரை இழுத்து வைத்திருக்கிறார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கதை தொடங்கி இரண்டாம் பக்கத்திலேயே ஒரு சொல்லை வட்டமிட்டு, ஓரத்தில் பென்சிலால் இரண்டே வார்த்தையில் நாவலின் பெரிய ரகசியத்தைப் போட்டு உடைத்திருந்தார். அது என்னவென்று இங்கே எழுத மாட்டேன். எனக்கு நடந்தது உங்களுக்கும் நடக்க வேண்டாம்.

எட்டாவது படிக்கும் என் மகள் இந்த மாதிரிக் கதைகளை வெறியோடு படிப்பவள். கொடுங்கோல் அரசு, வில்லும் அம்புமாக ஒரு பெண், மூன்று பாகம், நடுவில் ஒரு காதல். அவளுக்கு முன்னால் நான் படித்துப் பார்க்கலாம் என்றுதான் எடுத்தேன். 'தி கிவர்' 1993இல் வந்தது, அடுத்த ஆண்டே அமெரிக்காவின் சிறுவர் இலக்கிய விருதான நியூபெரி பதக்கம் வாங்கியது. இதில் வில்லும் இல்லை, வில்லனும் இல்லை. எல்லாரும் மரியாதையாகப் பேசுகிறார்கள். அதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

ஜோனஸ் என்ற பையனுக்குப் பன்னிரண்டு வயது ஆகப்போகிறது. அவன் ஊரில் பசி இல்லை, சண்டை இல்லை, மழை பனி எதுவும் இல்லை. ஆண்டுக்கு ஐம்பது குழந்தைகள். நான்கு முதல் ஆறு வயது வரை முதுகுப்பக்கம் பித்தான் வைத்த சட்டை, ஒருவருக்கொருவர் போட்டுவிட்டால்தான் உண்டு. ஒன்பது வயதில் சைக்கிள். பன்னிரண்டில் யாருக்கு என்ன வேலை என்று மூத்தோர் குழு அறிவித்துவிடும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் குடும்பமே உட்கார்ந்து அன்றைக்கு மனதில் எழுந்த உணர்ச்சிகளைச் சொல்லியாக வேண்டும், காலையில் கனவுகளை.

மெய்ப்புத் திருத்துவது என் தொழில், இருபத்திரண்டு வருடமாக. அதனால் மற்றவர்களைவிட என்னை அதிகம் குத்திய இடம் ஒன்று உண்டு. அந்த ஊரில் சொல்லைத் துல்லியமாகப் பயன்படுத்தியே ஆகவேண்டும். ஜோனஸின் நண்பன் ஆஷர் மூன்று வயதில் தின்பண்டம் கேட்கும்போது வாய் குழறி அடியைக் குறிக்கும் சொல்லைச் சொல்லிவிடுவான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். தமிழில் எப்படிக் கொண்டுவரலாம் என்று ஒரு சாயங்காலம் முழுக்க யோசித்தேன். குழந்தை 'புட்டு' கேட்க நினைத்து 'குட்டு' என்கிறது, உடனே தலையில் ஒரு குட்டு விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பக் கேட்டால் திரும்ப. கதையில் அது பிரம்படி. ஒரு கட்டத்தில் அந்தக் குழந்தை பேசுவதையே நிறுத்திவிடுகிறது. அப்புறம் பேசத் தொடங்கியபோது அதன் பேச்சில் துல்லியம் கூடியிருந்ததாம். இதை வேலை அறிவிக்கும் விழாவில் மேடையிலிருந்து வேடிக்கைபோலச் சொல்கிறார் தலைமை மூத்தவர். அரங்கமே சிரிக்கிறது.

அதே விழாவில்தான் நாவலின் நல்ல காட்சியும் வருகிறது. பிள்ளைகளுக்குப் பிறந்த வரிசைப்படி எண் உண்டு, அந்த வரிசையில்தான் கூப்பிடுவார்கள். ஜோனஸ் பத்தொன்பது. பதினெட்டாவதாக ஃபியோனா போய்த் திரும்புகிறாள். அடுத்து இருபதைக் கூப்பிடுகிறார்கள். அவ்வளவுதான். அவனுக்கு என்ன ஆனது என்று யாரும் சொல்வதில்லை. கூட்டம் கைதட்டவேண்டிய இடத்தில் கைதட்டுகிறது, அவன் மட்டும் என்ன தப்பு செய்தோம் என்று குறுகிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான். ரேஷன் கடை வரிசையில் நம் எண்ணைத் தாண்டிக் கூப்பிட்டாலே பதறுகிறவன் நான். அந்தப் பக்கங்களில் டீ ஆறிப்போனது.

அவனுக்குக் கிடைக்கும் வேலை, ஊர் மறந்துவிட்ட எல்லா நினைவுகளையும் ஒரு கிழவரிடமிருந்து வாங்கிச் சுமப்பது. பனிச்சறுக்கு, வெயில், வலி, போர். இங்கே லௌரி நம்மை ஏமாற்றியிருக்கும் விதம் பிரமாதம். பாதிப் புத்தகத்தை நெருங்கும்போது முன்பு ஜோனஸின் கண்ணுக்கு ஓர் ஆப்பிள் கணநேரம் 'மாறிய' கதைக்கு விடை கிடைக்கிறது: அந்த ஊரில் யாருக்கும் நிறமே தெரியாது. நான் திரும்பிப் போய்ப் பென்சிலும் கையுமாகத் தேடினேன். கண்களை வெளிர், அடர் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். தேடியவரை ஒரு நிறப் பெயரும் சிக்கவில்லை. இத்தனைக்கும் என் பிரதியில் எங்கு பார்த்தாலும் மஞ்சள்! 2014இல் வந்த திரைப்படம் தொடக்கத்திலேயே கறுப்பு வெள்ளையில் காட்டி இந்த வித்தையைக் கெடுத்துவிடுகிறது. பையனின் வயதையும் கூட்டிவிட்டார்கள். படத்தை முதலில் பார்த்துவிடாதீர்கள்.

இன்னோர் இடம். என்மேல் அன்பு இருக்கிறதா என்று ஜோனஸ் அப்பா அம்மாவைக் கேட்கிறான். அவர்கள் சிரிக்கிறார்கள். அது ரொம்பப் பொதுவான சொல், இப்போது பொருளே இல்லை, துல்லியமாகக் கேள் என்கிறார்கள். 'பொதுச்சொல், தெளிவுபடுத்தவும்' என்று நானே எத்தனை மெய்ப்பில் சிவப்பு மையால் எழுதியிருக்கிறேன்!

குறை இல்லாமல் இல்லை. முதுகில் கை வைத்தால் நினைவு இடம் மாறுவது எப்படி, ஒருவன் ஊரைவிட்டுப் போனால் அவனிடம் இருந்த நினைவு ஊருக்கே திரும்புவது எப்படி என்றெல்லாம் கேட்கக் கூடாது. மேட்டையெல்லாம் சமமாக்கி, வானிலையையும் கட்டிப்போட்டவர்கள் அதை எப்படிச் செய்தார்கள் என்பதற்கும் பதில் இல்லை. கடைசி இருபது பக்கம் அவசரம். முடிவை அந்தரத்தில் விட்டிருக்கிறார். ஜோனஸுக்கு என்ன ஆனது என்பதற்குப் பதில் பின்னால் வந்த நாவல்களில் கிடைக்கிறது. எனக்கு இது தனியாக நின்றாலே போதும் என்று தோன்றியது.

என் பிரதியின் அட்டையில் தாடிக்காரக் கிழவர் ஒருவரின் முகம். அது லௌரியே எடுத்த புகைப்படம். அந்தக் கிழவர் ஓர் ஓவியர், பிற்காலத்தில் பார்வையை இழந்தவர். லௌரி தன் பதக்க உரையில் அப்பாவைப் பற்றியும் பேசியிருக்கிறார். முதுமையில் அவருக்கு நினைவு மங்கிவிட்டது. இளம் வயதில் இறந்துபோன மூத்த மகளின் படத்தைப் பார்த்து, அவளுக்கு என்ன ஆயிற்று என்று நினைவில்லையே என்பாராம். அதைப் படித்தபிறகு நாவலின் கிழவர் எனக்கு வேறு ஆளாகத் தெரிந்தார்.

ஆங்கிலம் எளிது, சின்னச் சின்ன வாக்கியங்கள், எட்டாவது ஒன்பதாவது பிள்ளைகள் தடங்கலின்றிப் படிக்கலாம். ஆனால் ஒரு பச்சைக்குழந்தை சம்பந்தப்பட்ட காட்சி உண்டு, அன்றைக்குப் பக்கத்தில் இருங்கள். காசு கொஞ்சம் கூடினாலும் புதுப் பிரதியே வாங்குங்கள்.

மகளுக்குக் கொடுப்பதற்கு முன் ரப்பரை எடுத்து அந்தப் பென்சில் குறிப்பை மெதுவாக அழித்தேன். தொழில் அப்படி, தடம் தெரியாமல் அழிப்பேன் என்று நம்பிக்கை. பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பக்கத்தை விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அப்பா, இங்க என்னத்தை அழிச்சீங்க?"