நவஹோ கம்பளி: லாரியில் ஏற்றவா, நூற்பவரிடம் கொடுக்கவா?

வசந்தத்தில் செம்மறி ஆடுகளின் மயிரைக் கத்தரித்து முடித்ததும், அமெரிக்கத் தென்மேற்கின் பழங்குடியான நவஹோ குடும்பத்துக்கு முன்னால் இரண்டு வழிகள். கொள்முதல் லாரி வரும் நாளில் மூட்டைகளோடு போய், எடை போட்டு, அன்றைக்கே காசு வாங்கலாம். இல்லையென்றால் ஒவ்வோர் ஆட்டின் கம்பளியையும் தனித்தனியாக வைத்திருந்து, கையால் நூற்பவர்களுக்கு விற்கலாம். எது மேல்? பட்டியில் எந்த ஆடு நிற்கிறது என்பதைப் பொறுத்தது அது.

ராம்புயே என்ற மென்கம்பளி இன ஆடு என்றால் லாரியே சரி. அதன் கம்பளி வெள்ளை, மென்மை. இழையின் தடிமன் ஏறக்குறைய 19 முதல் 24 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). ஆடை ஆலைகள் கேட்பது இதைத்தான். ஆனால் கறுப்பு மயிர் கொஞ்சம் கலந்தாலும் விலை இறங்கிவிடும். வெளிர் சாயத்தில் அது தனியாகத் தெரியும். வைக்கோல் கட்டின பிளாஸ்டிக் கயிற்றின் நார் இன்னும் மோசம், சாயமே ஏறாது. அதனால் வெள்ளை ஆடுகளை முதலில் கத்தரிக்க வேண்டும், தரையைக் கூட்டிவிட்டுத்தான் நிற ஆடுகளுக்குப் போக வேண்டும். செலவில்லாத வேலை. அப்புறம் நாலைந்து குடும்பங்கள் ஒரே தரத்தைச் சேர்த்துக் கொண்டுபோனால் பேரம் பேச ஒரு பிடி கிடைக்கும்.

சுர்ரோ ஆட்டின் கதை வேறு. ஸ்பானியர்கள் கொண்டுவந்த ஆட்டிலிருந்து வந்த இனம். 1930களில் மேய்ச்சல் நிலத்தைக் காக்கிறோம் என்று அமெரிக்க அரசு மந்தைகளைக் குறைத்தபோது பெரும் அடி வாங்கியது. 1970களில் எஞ்சியவை சில நூறுதான். 1977இல் லைல் மெக்னீல் என்ற கால்நடை அறிஞர் மீட்புப் பணியைத் தொடங்கினார். உள்ளே மென்மயிர், வெளியே நீண்ட முரட்டு மயிர் என்று இரட்டை உடுப்பு இதற்கு. ஆலைக்கு அது தொல்லை, விரிப்பு நெய்பவருக்கு வரம். லாரிக்காரர் தள்ளுபடி செய்யும் பழுப்பும் சாம்பலும் கறுப்புமே இங்கே நல்ல விலை போகும். பிசுக்கும் குறைவு, கழுவிய பின்னும் நூற்றுக்கு 60-65 பங்கு மிஞ்சும். குழாய்த் தண்ணீர் இல்லாத வீடுகள் நிறைய உள்ள ஊரில், கழுவுவது எளிதாக இருப்பது சின்ன விஷயமில்லை.

நான் சுர்ரோ பக்கம்தான். ஆனாலும் இந்த வழியில் காசு மெதுவாகவே வரும். கம்பளியைக் கம்பிவலை மேசையில் விரித்து, வயிற்று மயிர், சாணி ஒட்டிய ஓரம், முள் எல்லாவற்றையும் கையால் பிய்த்தெறிய வேண்டும். எந்த ஆடு, எந்த வருஷம் என்று சீட்டு ஒட்ட வேண்டும். அழுக்கு மூட்டை ஒன்று போனால், வாங்கியவர் அடுத்த வருஷம் திரும்பிப் பார்க்கமாட்டார்.

இரண்டு இனத்தையும் வைத்துக்கொள்ளலாமே என்றால், தாராளமாக. கிடாக்கள் மட்டும் தனித்தனிப் பட்டியில் இருக்கட்டும். கலப்பில் பிறக்கும் குட்டியின் கம்பளி ஆலைக்கு முரடு, நூற்பவருக்குக் குட்டை.