எம்டி127: ஆறு வருட ரெய்டு, ஒரே ஒரு எரிச்சல்

போன மாதம், படங்களைச் சேமித்துவைக்கும் என் வீட்டு மெஷினின் நான்கு ஹார்ட் டிஸ்க் வட்டுகளில் ஒன்று கண்ணை மூடியது. மாற்றிய கதையை அலுவலகத்தில் சொன்னதும் ஒரு தம்பி, "அண்ணே, நானும் பழைய கம்ப்யூட்டர்ல ரெய்டு போடவா, இல்ல பெட்டியாவே வாங்கிடவா?" என்று கேட்டார். ரெய்டு என்றால் பல வட்டுகளை ஒரே சேமிப்பிடமாகச் சேர்க்கும் ஏற்பாடு; பெட்டி என்றால் அதைத் தயாராகவே செய்து விற்கும் கருவி. வாட்ஸ்அப்பில் பதில் எழுத ஆரம்பித்தேன், நீண்டுவிட்டது.

என் மெஷின் சிங்கப்பூர் ஈசூனில், எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் பாம் ஷெல்டரில், அதாவது சாமான் வைக்கும் காப்பறையில், அரிசி மூட்டைக்கும் பலகாரச் சம்படங்களுக்கும் நடுவில் ஓடுகிறது. லினக்ஸ், நான்கு 4 டிபி வட்டுகள், ரெய்டு 5. ஆறு வருடத்தில் ஒரு படம்கூடத் தொலையவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் புலம்பலில் எனக்கே மறந்துவிடும்.

புலம்பல் முழுக்கப் பெயரைப் பற்றியது. சாதனங்களின் பெயர்கள் இருக்கும் 'டெவ்' அடைவில் 'எல்எஸ் -எல்' கட்டளை கொடுத்துப் பாருங்கள். கோப்பின் அளவு வரவேண்டிய இடத்தில் இரண்டு எண்கள் இருக்கும். முதல் வட்டான எஸ்டிஏவுக்கு 8, 0. அடுத்த வட்டான எஸ்டிபிக்கு 8, 16. முதல் எண் எந்த டிரைவர் என்பதற்கு, அடுத்தது அதில் எந்தச் சாதனம் என்பதற்கு. அந்தக் கோப்புக்குள் வேறு சரக்கே கிடையாது. லினக்ஸின் மையமான கர்னல் எந்த வட்டை முதலில் கண்டதோ அதற்கு ஏ, அடுத்ததற்கு பி. உணவங்காடியில் செய்வதுபோல் டிஷ்யூ பாக்கெட் வைத்து மேசை பிடித்துவைக்கக்கூட வழியில்லை. நேற்றைய பி இன்று டி ஆகலாம்.

எனக்கு ஆனது. முதல் நாள் இரவு எஸ்டிபியில் பிழை என்று லாக் சொன்னது, துண்டுத்தாளில் குறித்துக்கொண்டு மெஷினை அணைத்தேன். சிம் லிம் ஸ்குவேரில் புது வட்டு வாங்கிவந்து, எதற்கும் ஒருமுறை ஏற்றி, எஸ்டிபியின் வரிசை எண்ணைப் பார்த்துவைத்து, மறுபடி அணைத்தேன். நான்கு திருகாணிகளையும் கழற்றிய பிறகுதான் ஏதோ உறுத்தியது, பழைய லாக்கைத் திறந்தேன். செத்த வட்டின் வரிசை எண் வேறு! இரவில் பி ஆக இருந்தது காலையில் டி. ரெய்டு 5 ஒரு வட்டு இல்லாமல் தாக்குப்பிடிக்கும், இரண்டு இல்லாமல் எழாது. சாதனங்களுக்குப் பெயர் வைக்கும் யூடெவ், 'பை-ஐடி' அடைவில் வரிசை எண்ணோடு பெயர் கட்டிவைத்திருக்கிறது, அதையே முதலில் குறித்திருக்க வேண்டும். தப்பு என்னுடையதுதான், சரி. ஆனாலும் கோபம் வரத்தான் செய்தது.

இதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல் எம்டி127. எம்டி என்பது லினக்ஸின் ரெய்டு மென்பொருள்; நான்கு வட்டும் சேர்ந்த தொகுப்புக்கு, அதாவது அரேக்கு, எம்டி0 என்பதுபோல் ஒரு பெயர் வைக்கும். ஒருமுறை மெஷினின் பெயரை மாற்றினேன். வட்டுகளின் சூப்பர்பிளாக்கில் (அரேயின் அடையாளம் எழுதியிருக்கும் பகுதி) பழைய பெயர் பதிந்திருக்கும்போல, "இது வேறு வீட்டு அரே" என்று முடிவுகட்டி, எம்டி0 என்ற பெயரைக் கொடுக்காமல் 127இல் கொண்டுபோய் உட்காரவைத்தது. பூட் ஆகும்போது எதை எந்த அடைவில் இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப்பில் நான் எழுதியிருந்ததோ எம்டி0, கூடவே 'நோஃபெயில்', அதாவது கிடைக்காவிட்டாலும் நிற்காதே. அதனால் பூட் சத்தமில்லாமல் ஆனது. அரே மவுன்ட் ஆகவில்லை, அதாவது தன் அடைவில் இணையவில்லை. பேக்கப் ஸ்கிரிப்ட் அந்தக் காலி அடைவுக்குள்ளேயே, அதாவது சிஸ்டம் இருந்த சின்ன எஸ்எஸ்டியிலேயே, தைப்பூசப் படங்களைக் கொட்டி நிரப்பியது. "என்னங்க, போன்ல இடமில்லைன்னு படத்தையெல்லாம் அழிக்கலாமான்னு கேக்குது, அழிக்கவா?" என்று மனைவி கேட்ட அன்றுதான் பார்த்தேன். நல்லவேளை, கேட்டார்.

எம்டியை நிர்வகிக்கும் எம்டிஅட்ம் கருவியின் கான்ஃபிக்கில், அரேயின் பெயரை யூயூஐடியோடு (மாறாத அடையாள எண்) எழுதினேன். ரீபூட். மறுபடி 127. மூன்று இரவு போனது. பூட் ஆகும்போது படிப்பது, தொடக்கத்தில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் இருக்கும் பழைய நகலை என்பதும், அதையும் புதுப்பிக்க வேண்டும் என்பதும் அப்புறம்தான் தெரிந்தது.

ஆனால் இதே சூப்பர்பிளாக்தான் என்னைக் காப்பாற்றவும் செய்தது. மதர்போர்டு போனபோது வட்டுகளை வேறு போர்டில், கேபிள் வரிசை பார்க்காமல் செருகினேன். நான்கும் ஒன்றையொன்று அடையாளம் கண்டு எழுந்து நின்றன. போன மாதம் புது வட்டை நிரப்பும் ரீபில்டும் சாயங்காலம் தொடங்கி, விடியும்போது நான்கு 'யூ'வும் (வட்டு நலம் என்ற குறி) வரிசையாக நின்றன. அதைப் பார்த்துக்கொண்டே கோப்பி குடித்தேன்.

தம்பிக்கு என்ன சொன்னேன்? பெட்டி வாங்குங்கள் என்றேன். அதில் பலவற்றுக்குள்ளும் இதே எம்டிதான் ஓடுகிறது, ஆனால் பெயரை உங்கள் கண்ணில் காட்டாது. என்னுடையதை இப்போதும் 127 ஆகவே விட்டுவைத்திருக்கிறேன், எஃப்எஸ்டேப்பில் எம்டி பெயருக்குப் பதில் கோப்பு அமைப்பின் யூயூஐடியை எழுதிவிட்டேன். இன்னொரு 4 டிபி வட்டும் உதிரிக்கு வாங்கியாயிற்று, மேலே ஸ்டிக்கரில் வரிசை எண்ணைப் பெரிதாக எழுதி.