பிறவியிலேயே இல்லாத பல்: இடைவெளியை மூடுவதா, நிரப்புவதா?

பால் பல் விழுந்து நாளாகியும் புதுப் பல் முளைக்கவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் ஈறுக்குள் பல்லே இல்லை. ஞானப்பல்லை விட்டுவிட்டாலும் 100 பேரில் சுமார் 6 பேருக்கு நிரந்தரப் பற்களில் ஒன்றாவது உருவாவதில்லை. பெரும்பாலும் அது கீழ்த்தாடையின் இரண்டாம் முன்கடைவாய்ப் பல்லாகவோ, மேல்வரிசையின் பக்க வெட்டுப்பல்லாகவோ இருக்கும். பெற்றோர் தங்களை நொந்துகொள்ள வேண்டாம். பெரும்பாலும் இது மரபணுவில் வருவது.

முதலில் வெட்டுப்பல். “இம்பிளாண்ட் (தாடை எலும்பில் திருகு பதித்து அதன்மேல் பொருத்தும் செயற்கைப் பல்) வைத்துவிடலாமா?” என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு: அந்த இடத்தை மூடுவதா, விட்டுவைத்து நிரப்புவதா?

மூடுவதென்றால், கிளிப் போட்டுக் கோரைப்பல்லை முன்னால் இழுத்து, கூர்முனையைத் தேய்த்து, பல் நிறப் பசையால் வெட்டுப்பல் போல வடிவம் கொடுப்பார்கள். கோரைப்பல் கொஞ்சம் மஞ்சளாகவும் பருமனாகவும் இருப்பதால் உற்றுப் பார்த்தால் வித்தியாசம் தெரியலாம். ஆனாலும் அது சொந்தப் பல், வளரும் முகத்தோடு சேர்ந்தே நகரும். பற்கள் நெருக்கியடித்து நிற்கும் பிள்ளைக்கும், மேல்பற்கள் துருத்திய பிள்ளைக்கும் என் ஓட்டு இதற்குத்தான். மேல்தாடை ஏற்கெனவே உள்வாங்கியிருந்தால் இது வேண்டாம். முகம் இன்னும் ஒடுங்கித் தெரியும்.

இம்பிளாண்ட் பக்கத்துப் பற்களைத் தொடாது, மெல்லவும் உறுதியானது. சிக்கல் வயதுதான். அது எலும்போடு ஒட்டிக்கொள்வதால் நகராது. 14 வயதில் வைத்தால் பக்கத்துப் பற்கள் வளர்ச்சியோடு இறங்கிவர, இது மட்டும் மேலேயே நின்றுவிடும். ஈறுக் கோடும் ஏறுமாறாகும். பெண்களுக்கு 18, ஆண்களுக்கு 21 வயதாவது ஆகட்டும் என்பார்கள். அதற்குப் பிறகும் மெல்லிய நகர்வு தொடர்வதால் முன்பல் விஷயத்தில் இன்னும் பொறுப்பது நல்லது. பல் இல்லாத இடத்தில் எலும்பு ஒல்லியாக இருப்பதால், முதலில் எலும்பு சேர்க்கும் சிகிச்சையும் தேவைப்படலாம்.

அதுவரை? கழற்றி மாட்டும் பல் செட் போதும், ஆனால் பள்ளிப் பிள்ளைக்கு அது தொந்தரவுதான். பக்கத்துப் பற்களைச் செதுக்கி, அவற்றின் பிடிமானத்தில் செயற்கைப் பல்லை நிறுத்தும் வழக்கமான பிரிட்ஜை இளம் வயதில் நான் வேண்டாம் என்பேன். நல்ல பல்லின் எனாமல் போனால் திரும்பாது. அதைவிடச் சிறகு வைத்த ஒட்டுப் பிரிட்ஜ் எவ்வளவோ மேல். செயற்கைப் பல்லின் பக்கவாட்டில் ஒரு மெல்லிய சிறகு; அதைப் பக்கத்துப் பல்லின் பின்புறம் ஒட்டுவார்கள். செதுக்கல் மிகக் குறைவு. இரண்டு சிறகு இருந்தால் உறுதி என்று தோன்றும். ஆனால் ஒன்று விட்டுப்போனாலும் மற்றது பிடித்துக்கொண்டிருக்கும்; நமக்குத் தெரியாமலே உள்ளே சொத்தை பிடிக்கும். ஒற்றைச் சிறகு என்றால் கழன்றதும் தெரிந்துவிடும், அப்புறம் திரும்ப ஒட்டிக்கொள்ளலாம். பலருக்கு இம்பிளாண்டே தேவைப்படாத அளவுக்கு இது வருடக்கணக்கில் உழைக்கிறது.

கீழ் முன்கடைவாய்ப் பல் கதை வேறு. அங்கே நிற்கும் பால் கடைவாய்ப் பல்லை, “எப்படியும் விழத்தானே போகிறது” என்று அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம். வேர் நன்றாக இருந்தால் 20 வயதைத் தாண்டியும் பல வருடம் உழைக்கும். எலும்பையும் காப்பாற்றி வைக்கும். எலும்போடு ஒட்டிப்போய், பக்கத்துப் பற்களைவிடத் தாழ்ந்துகொண்டே போகிறதா என்று மட்டும் கவனியுங்கள். வளரும் வயதில் அப்படித் தாழ்ந்தால், பக்கத்துப் பற்கள் அதன்மேல் சாய்வதற்குள் எடுத்துவிடுவதுதான் சரி.