அவசரப்படாத கிட்டார்: ஜானி கேஷின் முதல் எல்பி

அமெரிக்க கன்ட்ரி இசைப் பாடகர் ஜானி கேஷின் குரலுக்காகத்தான் இந்த ஆல்பத்தை வாங்கினேன். இப்போது திரும்பத் திரும்பக் கேட்பது அவர் பக்கத்தில் நின்று கிட்டார் வாசித்த லூதர் பெர்கின்ஸுக்காக.

'ஜானி கேஷ் வித் ஹிஸ் ஹாட் அண்ட் ப்ளூ கிட்டார்' 1957இல் வந்தது. மெம்ஃபிஸ் நகரத்து சன் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் வெளியிட்ட முதல் எல்பி (பல பாட்டுகள் அடங்கிய பெரிய இசைத்தட்டு) இதுதான். மொத்தம் 12 பாட்டு. கேஷிடம் அக்கூஸ்டிக் கிட்டார், மார்ஷல் கிராண்ட் பேஸ், லூதர் எலெக்ட்ரிக் கிட்டார். கிராண்டும் லூதரும் கார் மெக்கானிக்குகள். கேஷின் அண்ணன் ராயோடு ஒரே இடத்தில் வேலை பார்த்தவர்கள்.

'ஃபோல்சம் ப்ரிசன் ப்ளூஸ்' பாட்டில் குரல் ஒதுங்கி கிட்டார் முன்னால் வரும் இடம் இரண்டு. வேறு ஒருவர் என்றால் இரண்டாவது தடவை நாலு ஸ்வரமாவது கூட்டிப் போட்டிருப்பார். லூதர் முதலில் வாசித்ததையே ஏறத்தாழ அப்படியே வாசித்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. சிறையில் இருப்பவன் தூரத்து ரயில் சத்தத்தைக் கேட்டு ஏங்கும் பாட்டு அது. அதற்குள் கிட்டார்க்காரர் தன் திறமையைக் காட்ட ஆரம்பித்தால் அந்த ஏக்கம் கலைந்துவிடும்.

அந்தச் சத்தம் வரும் விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஃபெண்டர் எஸ்குவயர் கிட்டார், ஒரே ஒரு பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகம்). வலது உள்ளங்கையின் அடிப்பக்கம், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜை ஒட்டிக் கம்பிகள்மேல் படிந்திருக்கும். கம்பியை மீட்டும் சின்ன வில்லையான பிக் பட்டதும் ஸ்வரம் எழும், ஆனால் நீளாது; 'டொக்' என்று அடங்கிவிடும். கையை ஒரு நூலளவு பின்னால் இழுத்தால் கம்பி முழுசாக ஒலித்துவிடும், முன்னால் தள்ளினால் ஸ்வரமே செத்துவிடும். மூன்று வாரம் தினமும் உட்கார்ந்து பழகினேன். ஸ்வரங்கள் முதல் நாளே வந்துவிட்டன. கை ஒரே இடத்தில் நிற்பதும், வேகம் கூடாமல் இருப்பதும் இன்னும் சரியாக வரவில்லை. 'சுலபமான வாசிப்பு' என்று இதைச் சொல்பவர்கள் ஒரு முழுப் பாட்டையாவது ஓடாமல், தேங்காமல் வாசித்துப் பார்க்கட்டும்.

'ஐ வாக் த லைன்' இன்னும் அழகு. ஒவ்வொரு சரணத்துக்கும் சுருதி மாறும். கேஷ் மெல்ல முனகி அடுத்த சுருதியைப் பிடித்துக்கொள்வார். அந்த இடைவெளியில் லூதர் தடித்த கம்பிகளில் படிப்படியாக நடந்துபோய் அடுத்த சுருதியின் வாசலில் அவரைக் கொண்டுபோய் விடுகிறார். ட்ரம்ஸ் கிடையாது. கேஷ் தன் கிட்டார் கம்பிகளுக்கு இடையில் காகிதத்தைச் செருகி வாசித்தார். அந்தக் கரகரப்புதான் ஸ்நேர் ட்ரம் மாதிரி கேட்கிறது. கடைசிச் சரணத்தில் குரல் ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். அங்கேயும் லூதர் சத்தத்தைக் கூட்டவில்லை.

குறையும் உண்டு. 12 பாட்டையும் ஒரே மூச்சில் கேட்டால் தாளம் ஒன்றுபோலவே தோன்றும். நான் ஒரு பக்கத்தோடு நிறுத்திவிட்டு மறுபக்கத்தை மறுநாள் வைப்பேன்.

வாங்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். நான் முதலில் வாங்கியது, மோனோவில், அதாவது ஒரே தடத்தில், பதிவான பாட்டுகளைச் செயற்கையாக ஸ்டீரியோ ஆக்கிய மறுபதிப்பு. லூதரின் கம்பிகள் இரண்டு பக்கமும் கரைந்து, குழம்பிப்போயிருந்தன. சன் ரெக்கார்ட்ஸை நடத்திய சாம் ஃபிலிப்ஸ் இரண்டாவது டேப் மெஷினை வைத்து உண்டாக்கிய அந்தச் சின்ன எதிரொலியும் சேறாகிவிட்டது. காசு போனதைவிட, இதுதான் லூதர் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேனே என்பதுதான் வருத்தம். அப்புறம் மோனோ பிரதியைத் தேடி வாங்கினேன். அதில் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக நிற்கிறது.

1968 ஆகஸ்டில், வீட்டில் பிடித்த தீயில் சிக்கி லூதர் இறந்தார். வயது 40. அடுத்த மாதமே அவர் இடத்துக்கு வந்தவர் பாப் வூட்டன், ஆர்கன்சா கச்சேரி ஒன்றுக்குப் பார்வையாளராக வந்த ரசிகர். ரெக்கார்டுகளைக் கேட்டுக் கேட்டே லூதரின் வாசிப்பைக் கையில் ஏற்றிவைத்திருந்தவர் அவர்.

முதல் தடவை கேட்பவர்கள் 'ஐ வாக் த லைன்' பாட்டிலிருந்து தொடங்குங்கள். பேஸை மட்டும் ஏற்றி வைக்காதீர்கள். கிராண்டின் பேஸுக்குள் லூதரின் கிட்டார் மறைந்துவிடும்.